கண்ணாடி பார்த்துப் படிக்கவும்

கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தனித்தியங்கும் கலைஞர் மேம்பாட்டு மற்றும் ஒழுங்குமுறை வாரியத்தில் எதுவும் அப்படித்தான் தொடங்கும். பல நாள் அதோடு முடிந்தும்விடும்.

நீள மேசையின் தலைப்பக்கம், முதுகில் வெள்ளைத் துண்டு போர்த்திய சுழல் நாற்காலியில் தலைவர். அவருக்கு வலப்பக்கம், கோப்பு அடுக்குக்குப் பின்னால் நெற்றி மட்டும் தெரிய, செயலர். இடப்பக்கம் வல்லுநர் உறுப்பினர். இவர் சிற்பி, உறுப்பினர் ஆன நாளிலிருந்து உளியைத் தொட்டதில்லை, இரண்டு பொறுப்பையும் ஒரே கையால் பார்க்க முடியாது என்பார். ஜன்னலோரம், மின்விசிறிக்கு நேர் கீழே, பறக்கும் தாள்களை முழங்கையால் அமுக்கியபடி குறிப்பெழுத்தர். மேசையின் கால்பக்கம், கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு நாற்காலி. அதற்கு முன்னால் 'தனித்தியங்கும் கலைஞர்களின் பிரதிநிதி' என்று ஒரு பெயர்ப்பலகை. வாரியம் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. அதில் இன்னும் யாரும் உட்காரவில்லை. தகுதியுள்ள ஆள் அகப்படவில்லை என்று ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும் வருத்தத்தோடு எழுதுகிறார்கள். தினமும் தூசி தட்டுகிறார்கள்.

கதவோரம், ஒரு கால் குட்டையான ஸ்டூலில், மனுதாரர் கரண்டி.

தலைவர் தொண்டையைச் செருமினார். "யாருகிட்டயும் வேலை செய்யலைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க."

"அதை யாரு சொல்றாங்க?"

"நான்தாங்க சொல்றேன்."

"ஆளாளுக்கு அவங்களே சொல்லிக்கிட்டா அப்புறம் நாங்க எதுக்கு இருக்கோம்?"

கரண்டிக்கும் அதே சந்தேகம் ஒரு மாதமாக இருந்தது. ஆனால் காரியம் ஆக வேண்டியவள், தலையை ஆட்டிவைத்தாள்.

கோப்புகளுக்குப் பின்னாலிருந்து செயலரின் குரல் வந்தது. "மனுவுல பதினேழாவது கட்டம். மேலதிகாரியின் ஒப்புதல். காலியா விட்டிருக்கீங்க."

"எனக்கு மேலதிகாரி இல்லைங்க. அதனாலதானே இந்த மனுவே."

"அது சரிதான். ஆனா உங்களுக்கு மேலதிகாரி இல்லைங்கிறதை உங்க மேலதிகாரி எழுதிக் குடுத்தாத்தான் செல்லும்."

தலைவர் ஆமோதித்துத் தலையசைத்தார். வல்லுநர் உறுப்பினரும் அசைத்தார். மின்விசிறிக் காற்றில் குறிப்பெழுத்தரின் தாள்களும் அசைந்தன.

கரண்டி என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. பதினாறு வருடம் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் வரைந்தவள். மேலே 'உடையும் பொருள்' என்று எழுதிக் கீழே ஒரு கிண்ணம் வரைவது. 'நனைக்கக் கூடாது' என்று எழுதிக் குடை வரைவது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, குடையின் கம்பி ஒன்று சாய்ந்திருக்கிறது என்று மேலாளர் பதினான்காம் முறையாகத் திருப்பி அனுப்பியபோது, எழுந்து வந்துவிட்டாள். பிறகு தரையில் ஒட்டுகிற லினோலியத் தகட்டை வாங்கிவந்து, சின்ன உளியால் படம் செதுக்கி, மை தடவி, தாளை மேலே போட்டு, ஒரு மரக்கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து அச்செடுக்க ஆரம்பித்தாள். அச்சு இயந்திரம் வாங்க வழியில்லை; கரண்டி வீட்டிலேயே இருந்தது. பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இடம், நகராட்சிக்குச் சொந்தமான ஒரு பழைய சலவைக்கடை. துணி உலர்த்தக் கட்டியிருந்த கம்பிகளில் ஈர அச்சுகளைத் தொங்கவிட்டாள். வெளியே இருந்து பார்த்தவர்கள், சலவைக்கடையை மறுபடி திறந்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள். முதலில் ஒரு நர்ஸ் இரண்டு சீருடைகளோடு வந்தாள். இங்கே வெளுப்பதில்லை என்று தெரிந்ததும், "பரவாயில்ல, வந்தது வந்துட்டேன்," என்று உட்கார்ந்தாள். அடுத்த சனிக்கிழமையும் வந்தாள், துணி இல்லாமல். அடுத்த தெருத் தையல்காரர், வாடிக்கையாளர் ஒருவரின் கோட்டைக் கொடுக்க வந்து உளியை வாங்கிக்கொண்டார். ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். இப்படியே கரண்டியோடு பன்னிரண்டு பேர் ஆனார்கள். யாரும் யாரையும் சேர்க்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் கதவு திறந்திருக்கும், வருவார்கள்.

ஒரு வருடமாக அந்தப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு படத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். படம் அந்தத் தெரு. ஆளுக்கு ஒரு தகடு. தையல்காரர் தன் கடையைச் செதுக்கினார். நர்ஸ், மருந்துக்கடை வரிசையை. கண்டக்டர் செதுக்கிய பஸ் நிறுத்தத்தில் எல்லோரும் கை நீட்டியபடி பின்னால் ஓடிவந்தார்கள். அவர் பார்த்தது அப்படித்தான். பன்னிரண்டு தகட்டையும் வரிசையாகப் போட்டு அச்செடுக்க அவ்வளவு நீளத் தரை வேண்டும். சலவைக்கடைக்கு அது இருந்தது.

அப்போதுதான் நகராட்சிக் கட்டடப் பிரிவிலிருந்து தாள் வந்தது. இந்தக் கடையைக் கலைக்கூடமாக வைத்திருப்பவர் தனித்தியங்கும் கலைஞர்தான் என்று வாரியத்தின் முத்திரையோடு சான்றிதழ் தர வேண்டும். முப்பதாம் தேதிக்குள் வராவிட்டால் பூட்டு.

"கம்பெனியில ஒரு மேலதிகாரியைத் தாங்க முடியலைன்னு விட்டுட்டு வந்தே," என்றாள் கரண்டியின் அக்கா. அக்கா கணக்கு டீச்சர். எதையும் இரண்டு வரியில் முடிப்பாள். "இப்ப நீயா ஒருத்தரைத் தேடிக்கிட்டுப் போறே."

மேலதிகாரியாகத் தையல்காரர் முன்வந்தார். கழுத்தில் அளவு நாடாவோடு உட்கார்ந்து, 'இவர் என்னிடம் வேலை செய்யவில்லை; எப்போதும் செய்ததில்லை; செய்வார் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செயலர் அதை இரண்டு முறை படித்தார். "எந்தத் தேதியிலேருந்து வேலை செய்யலை?"

"மூணு வருஷமாங்க."

"அதுக்கு ஆதாரம்? வருகைப் பதிவேடு இருக்கா?"

"வராதவளுக்கு எப்படிங்க வருகைப் பதிவேடு இருக்கும்?"

"வருகை இல்லைன்னா வராமையாவது பதிவாகியிருக்கணுமே."

கரண்டி எதையும் ஒழுங்காகச் செய்யும் பழக்கமுள்ளவள். அதுதான் அவளுக்கு வினை. இரண்டு நாள் தையல்கடையில் உட்கார்ந்து, பட்டன் டப்பாவுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் நடுவில் ஒரு நீளப் பேரேட்டை விரித்து, மூன்று வருடத்துக்கும் ஒவ்வொரு நாளாக 'வரவில்லை' என்று எழுதினாள். தையல்காரர் ஒவ்வொன்றுக்கும் சுருக்கொப்பம் போட்டார். ஆயிரம் சுருக்கொப்பம் தாண்டியதும், "அம்மா, நீ பேசாம வேலைக்கே வந்திருக்கலாம்," என்றார்.

செயலர் பேரேட்டைப் புரட்டினார். விரல் நின்றது. "ஞாயித்துக்கிழமையும் வரலைன்னு போட்டிருக்கீங்களே. ஞாயிறு கடை லீவு. லீவு நாள்ல வராதது வராமை ஆகாது."

ஞாயிறுகள் எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்து, அடித்தலுக்கு ஒப்பம் வாங்கி, மறுபடி கொண்டுபோனாள். இந்த முறை தலைவரே பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"மூணு வருஷம். ஒரு நாள் தவறாம வேலைக்கு வராம இருந்திருக்காங்க. இந்த ஒழுக்கம்தான் நம்ம இளைஞர்கள்கிட்ட இல்லை."

கரண்டிக்கு நாற்பத்து நாலு வயது.

அடுத்தது குழு. சனிக்கிழமை வருகிறவர்களைப் பற்றித் தலைவருக்குக் கவலை இருந்தது.

"உங்க குழுவுக்கு யாரு தலைவர்?"

"யாரும் இல்லைங்க."

"சேர்றதுக்கு என்ன விதி?"

"கதவு திறந்திருந்தா வருவாங்க."

"மூடியிருந்தா?"

"தட்டுவாங்க."

தலைவர் சுழல் நாற்காலியைக் கால் வட்டம் சுழற்றி ஜன்னலைப் பார்த்தார். நீண்ட பேச்சு வரப்போகிறது என்பதற்கு அது அடையாளம். குறிப்பெழுத்தர் பேனாவை மூடிவைத்தார். அந்தப் பேச்சு அவரிடம் ஏற்கெனவே தட்டச்சில் இருந்தது.

"பாருங்கம்மா. சமூகம்ங்கிறது தானா உருவாகக் கூடாது. தானா உருவானா அதுக்குப் பேரு கும்பல். நாங்க உருவாக்கினாத்தான் சமூகம். பதினோரு வருஷமா கலைஞர்களோட சுதந்திரத்தை நாங்க எவ்வளவு கட்டுப்பாடா வச்சிருக்கோம் தெரியுமா? இதுவரைக்கும் ஒரு தவறான ஆளுக்குச் சான்றிதழ் போனதில்லை. சரியான ஆளுக்கும் போனதில்லைன்னு சில பேரு சொல்றாங்க. அது பொறாமை. நான் சின்ன வயசுல படம் வரைஞ்சவன். ஒரே ஒரு படம், குதிரை. எங்க வாத்தியார் கழுதைன்னார். அன்னைக்கு முடிவு பண்ணினேன், கலையைச் சும்மா விடக் கூடாதுன்னு."

வல்லுநர் உறுப்பினர் மெதுவாகக் கைதட்டினார்.

எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது. இனி முத்திரை மட்டும். அங்கேதான் பழைய ரப்பர் முத்திரை கைவிட்டது. பதினோரு வருடமாக நிராகரிப்புக் கடிதங்களில் குத்திக் குத்தி எழுத்தெல்லாம் தேய்ந்து, வெறும் வட்டம் மட்டும் விழுந்தது. வட்டத்தை வைத்துச் சான்றிதழ் தர முடியாது. செயலருக்கு ஒரு யோசனை உதித்தது. அவருடைய பதவிக்காலத்தில் உதித்த ஒரே யோசனை என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

"மனுதாரர் எப்படியும் செய்முறைத் தேர்வு எழுதணும். அச்சுக் கலைஞர்ங்கிறாங்க. புது முத்திரையை அவங்களே செதுக்கிட்டு வரட்டும். தேர்வும் ஆச்சு, முத்திரையும் ஆச்சு."

முப்பதாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கரண்டி இரண்டு நாள் உட்கார்ந்து செதுக்கினாள். வாரியத்தின் நீளப் பெயர் முழுவதும், நடுவில் ஒரு தூரிகை, ஓரத்தில் இலைக்கொடி. அச்சு வேலை அறிந்தவர்கள் எல்லாரும் செய்வதுபோல எழுத்துகளை இடம் வலமாக மாற்றிச் செதுக்கினாள். அவள் கைக்கு அது மூச்சு விடுவதுபோல. வேலை நன்றாக வந்திருந்தது. தனக்கே பிடித்துப்போய், மேசைமேல் வைத்துவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் தகட்டைக் கையில் எடுத்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், துடைத்தார், போட்டார். "படிக்க முடியலையே. எல்லாம் திரும்பிக் கிடக்கு."

"அச்சுல நேரா விழும்ங்க. ஒரு தடவை மை தொட்டுக் காட்டுறேன்."

"மை தொடக் கூடாது," என்றார் வல்லுநர் உறுப்பினர். "முத்திரையை அங்கீகரிச்ச பிறகுதான் அதுல மை படணும். அங்கீகாரம் இல்லாம மை பட்டா அது போலி முத்திரை."

"அப்ப அங்கீகரிச்சுடுங்க."

"படிக்க முடியாததை எப்படிம்மா அங்கீகரிக்கிறது?"

கரண்டி வல்லுநர் உறுப்பினரைப் பார்த்தாள். "ஐயா, உங்களுக்குத் தெரியுமே. அச்சு வேலை எப்படின்னு."

வல்லுநர் உறுப்பினர் தலைவரைப் பார்த்தார். பிறகு தகட்டைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் தன் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். "கலையில பல மரபு இருக்கு," என்றார்.

தீர்மானம் இவ்வாறு பதிவானது: முத்திரையின் எழுத்துகள் மாண்புமிகு தலைவர் படிக்கும்படியாக மறுபடி செதுக்கப்பட வேண்டும்.

அன்று சாயங்காலம் கரண்டி தையல்கடையில் வந்து பொத்தென்று உட்கார்ந்தாள். நர்ஸும் பணி முடிந்து அங்கே வந்திருந்தாள். நடந்ததைக் கேட்டுத் தையல்காரர் ஊசியை வாயிலிருந்து எடுத்தார். "சட்டையை உள்பக்கம் வெளிய இருக்கிற மாதிரி தைச்சுக் குடுன்னா நான் தைப்பேனா?"

"போட்டுக்கப் போறவர் அவர்தானே," என்றாள் நர்ஸ்.

"போட்டுக்கப் போறது நம்ம சான்றிதழ்," என்றாள் கரண்டி. "விழுந்தா திருப்பித்தான் விழும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சே எப்படிச் செதுக்குறது?"

அக்காவுக்கும் போன் போட்டாள். "எத்தனை நாள் இருக்கு?" என்றாள் அக்கா. "எட்டு." "அப்ப மானத்தை ஒன்பதாவது நாள் பாத்துக்கோ."

செதுக்கினாள். மூன்று வருடப் பழக்கத்தில் முதல் தடவையாக எழுத்தை நேராகச் செதுக்கினாள். கை ஒவ்வொரு எழுத்திலும் தானாகத் திரும்பப் பார்த்தது. பிடித்து இழுத்து வைத்தாள். இருபத்தெட்டாம் தேதி கூட்டம். தலைவர் தகட்டைத் தூர வைத்துப் படித்தார், கிட்ட வைத்துப் படித்தார், சத்தமாக ஒரு தடவை எல்லாருக்கும் படித்துக் காட்டினார். ஒருமனதாக நிறைவேறியது. கரண்டியின் சான்றிதழை விரித்தார்கள். வாரிய வரலாற்றில் முதல் சான்றிதழ். செயலர் எழுந்து நின்று, முத்திரையில் மை தொட்டு, ஓங்கிக் குத்தினார்.

எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பி விழுந்தது.

"மை இன்னும் காயலை போலிருக்கு," என்றார் செயலர்.

காய்ந்தது. எழுத்துகள் திரும்பியே இருந்தன.

தலைவர் சான்றிதழைக் கையிலெடுத்தார். வலமாகத் திருப்பினார், தலைகீழாகப் பிடித்தார், கடைசியில் தாளின் முதுகைத் தன் பக்கம் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்தினார். முகம் தெளிந்தது. "இதோ. சரியாத்தானே இருக்கு. பார்க்கிற விதத்துல இருக்கு."

உடனே ஒரு தீர்மானம்: வாரியத்தின் சான்றிதழ்களைப் பின்பக்கமாக, வெளிச்சத்தில் பார்க்கவும். நகராட்சியில் தாள்களை அட்டையில் ஒட்டி வைப்பார்கள், வெளிச்சம் ஊடுருவாது என்று குறிப்பெழுத்தர் நினைவூட்டினார். அது திருத்தப்பட்டுச் சுற்றறிக்கை எண் ஒன்று பிறந்தது: அனைத்து அலுவலகங்களும் வாரியத்தின் முத்திரையைக் கண்ணாடி பார்த்துப் படிக்கவும்.

மறுநாள் கரண்டி சான்றிதழோடும் சுற்றறிக்கையோடும் நகராட்சிக் கட்டடப் பிரிவு மேலாளர் முன்னால் நின்றாள். அவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். சான்றிதழைச் சரிபார்ப்புப் பேரேட்டிலிருந்த முத்திரை மாதிரியின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்.

"இது அந்த முத்திரை இல்லையே அம்மா."

"சுற்றறிக்கை இருக்குங்க. கண்ணாடி பார்த்துப் படிக்கச் சொல்லி."

"சுற்றறிக்கை வந்துடுச்சு. கண்ணாடி வரலையே."

"இங்க ஒரு கண்ணாடி இல்லையா?"

"எங்க பிரிவுக்கு அனுமதிச்ச பொருள் பட்டியல்ல கண்ணாடி இல்லை. கழிவறையில ஒண்ணு இருக்கு. சுவத்துல பதிச்சது, எடுத்துட்டு வர முடியாது. கோப்பைக் கழிவறைக்குள்ள கொண்டுபோகவும் கூடாது."

கரண்டி கைப்பையைத் துழாவி, ஒரு சின்ன முகக் கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்தாள். மேலாளர் அதைத் தொடவில்லை. உண்மையான வருத்தத்தோடு அவளைப் பார்த்தார். "மனுதாரர் கொண்டுவர்ற கண்ணாடியில பார்த்து முடிவெடுத்தா, நாளைக்கு என்னை யாராவது கேள்வி கேட்க மாட்டாங்களா?"

முப்பதாம் தேதி காலையில், பூட்டுப் போட ஆள் வருவதற்கு முன், பன்னிரண்டு பேரும் சலவைக்கடைக்கு வந்தார்கள். நர்ஸ் விடுப்புப் போட்டிருந்தாள். ஆளுக்குத் தன் தகட்டைச் செய்தித்தாளில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார்கள். தெரு பன்னிரண்டு துண்டாகிப் பன்னிரண்டு வீட்டுக்குப் போயிற்று. கண்டக்டர் தன் துண்டோடு பஸ்ஸில் ஏறி, அன்று முழுவதும் அதை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொண்டே டிக்கெட் கிழித்தார். கரண்டி கடைசியாக வெளியே வந்தாள். அச்சுகள் தொங்கிய கம்பிகள் வெறுமையாக இருந்தன. ஒன்றும் எழுதப்படாத நீளத் தரை. அதைப் பார்க்கும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. உளியை எடுத்து எதையாவது கீறிவிடலாம் போலிருந்தது.

பத்து நாள் கழித்து வாரியத்திலிருந்து கடிதம் வந்தது.

ஆண்டறிக்கை எழுதும் காலம் நெருங்கியிருந்தது. வாரியம் உருவாக்கிய சமூகங்களின் எண்ணிக்கை என்று அதில் ஒரு வரி உண்டு. பதினோரு வருடமாக அங்கே ஒரு கோடுதான் இருந்தது. ஆகவே கரண்டியின் சனிக்கிழமைக் குழுவை வாரியத்தின் சமூகப் பிரிவு எண் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள மனமுவந்து முடிவு செய்திருந்தார்கள். அவளைக் காலி நாற்காலியில் பிரதிநிதியாக அமர்த்துவார்கள். ஏற்றுக்கொண்டால் சலவைக்கடையின் பூட்டைத் திறக்கப் பரிந்துரை போகும். வாசலில் வாரியத்தின் பலகை மாட்ட வேண்டும். சனிக்கிழமை வருகிறவர்களுக்கு வருகைப் பதிவேடு வைக்க வேண்டும். 'தெரு' படத்தைத் தலைவர் பார்வையிட்டுத் திருத்தம் சொல்வார். குழுவில் யார் யார், எங்கெங்கே உட்காருகிறார்கள் என்ற விவரத்தை ஏழு நாளுக்குள் அனுப்பவும். குறிப்பு: நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது.

கரண்டி அதை மூன்று முறை படித்தாள். கையெழுத்துப் போட்டால் தரை திரும்பக் கிடைக்கும். பன்னிரண்டு துண்டும் ஒன்றாகும். அதைச் சொல்லாமல் கடிதத்தை மடித்து, சனிக்கிழமை எல்லாரும் கூடுவதாகச் சொல்லியிருந்த தையல்காரர் வீட்டு மொட்டை மாடிக்கு எடுத்துப் போனாள்.

கடிதம் கை மாறிக் கை மாறிச் சுற்றியது. கண்டக்டர் படித்துவிட்டு, "தலைவர் நம்ம படத்துல என்ன திருத்துவாரு?" என்றார்.

"ஓடி வர்றவங்களை வரிசையில நிக்க வைப்பாரு," என்றாள் நர்ஸ்.

"மாடி போதாது," என்றார் தையல்காரர். நாடாவால் அளந்திருந்தார். "ரெண்டு தகடு வெளிய நிக்கும். சொல்லிட்டேன். முடிவு உன்னது."

கரண்டி கடிதத்தை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு மை டப்பாவைத் திறந்தாள்.

பத்துத் தகடு நேராகவும் இரண்டு தகடு மூலையில் குறுக்காகத் திரும்பியும் அமைந்தன. தெருவுக்கு, அது இல்லாத ஒரு திருப்பம் வந்துவிட்டது. தாளை மேலே விரித்துக் கரண்டியால் தேய்த்து மாளாது என்று, எல்லாரும் வெறுங்காலோடு ஏறி மெல்ல நடந்தார்கள். தரையின் சொரசொரப்பு தாளில் ஏறிவிட்டது. நடுவில் ஒரு காற்று அடித்து மருந்துக்கடை வரிசை கலைந்தது. தாளைத் தூக்கிப் பார்த்தபோது தெரு முழுக்கக் கோடு கோடாக மழை பெய்வதுபோல் இருந்தது.

"இப்படியா நினைச்சோம்," என்றார் கண்டக்டர்.

"இல்லை," என்றாள் கரண்டி. அவளுக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. நல்ல தரை அங்கே பூட்டிக் கிடந்தது. "இருக்கட்டும். இது முதல் அச்சு."

பதில் எழுத ஏழு நாள் கெடு. நாலு நாள் உட்கார்ந்து, ஒரு புதுத் தகட்டில், வாரியம் அங்கீகரித்த முறைப்படியே, எழுத்தையெல்லாம் நேராகச் செதுக்கினாள். அச்சு எடுத்தாள். வெளிச்சம் ஊடுருவாத தடித்த தாள். கடிதம் முழுவதும் இடம் வலமாகத் திரும்பி விழுந்தது. அக்கா முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றி வந்து எதிரே பிடித்துப் படித்தாள்.

'பெறுநர்: தலைவர் அவர்கள். பொருள்: உட்கார்ந்த இடங்கள் தொடர்பாக.

ஐயா, சென்ற சனிக்கிழமை மொட்டை மாடியில் கூடினோம். தையல்காரர், தண்ணீர்த் தொட்டியின் நிழலில். நர்ஸ், கவிழ்த்த வாளிமேல். கண்டக்டர் உட்காரவில்லை, அவருக்குப் பழக்கமில்லை. மற்ற எட்டுப் பேர் தரையில், கிடைத்த இடத்தில். என் அக்கா, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மாடிப்படியின் கடைசிப் படியில். நான் நடந்துகொண்டிருந்தேன்.

தலைவர் நாற்காலி இல்லை. காலி நாற்காலியும் இல்லை. ஆகவே தாங்கள் தருவது வேண்டாம். உறை பிரிக்காமல் திருப்பியதாகக் கொள்ளவும்.

என் மேலதிகாரி, தம்மிடம் நான் செய்யாத வேலையிலிருந்து என்னை விடுவித்துவிட்டார். சான்றிதழை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

சலவைக்கடைக்குச் சனிக்கிழமைகளில் இன்னும் சிலர் துணியோடு வந்து பூட்டைப் பார்த்து நிற்கிறார்கள். அவர்களுக்கு மாடிக்கு வழி சொல்ல ஓர் ஆள் போடவும்.'

அக்கா கண்ணாடியை இறக்கினாள். "இதைக் கண்ணாடி முன்னால பிடிச்சாத்தான் படிக்க முடியும். பிடிச்சா அவங்க மூஞ்சியும் கூடத் தெரியுமே."

"அது இணைப்பு," என்றாள் கரண்டி.

கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் போட்டாள். முகவரியை மட்டும் பேனாவால் நேராக எழுதினாள். தபால்காரர் மேல் அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஓரத்தை ஒட்டி அழுத்தினாள். ஒட்டிய இடத்தில் முத்திரை வேண்டும் என்று தோன்றியது. மரக்கரண்டியின் முதுகில் மை தொட்டு ஒரு தடவை வைத்து எடுத்தாள். நீள்வட்டமாக ஒரு கறுப்பு. அக்கா பழக்கதோஷத்தில் அதையும் கண்ணாடியில் பிடித்துப் பார்த்தாள். அங்கேயும் அது அப்படியேதான் இருந்தது.

தபால் நிலையத்தில் ஒப்புகைச் சீட்டோடு பதிவு செய்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, உறை பைக்குள் விழுவதை நின்று பார்த்துவிட்டு வந்தாள்.